சீரம் இல்லாமல் செல் வளர்க்க: எங்கள் ஆய்வகத்து மீடியா செய்முறை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் செல் வளர்ப்பு அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். எம்.எஸ்ஸி., பிஎச்.டி. பிள்ளைகள் வந்து, "மேடம், சீரம் இல்லாம வளக்கணும், என்ன சேக்கணும்?" என்று கேட்பார்கள். என்ன சேர்ப்பது என்பது இரண்டாவது கேள்வி. சீரம் இதுவரை என்னென்ன வேலை பார்த்தது, அதில் உங்கள் செல்லுக்கு உண்மையிலேயே வேண்டியது எது என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கேட்காமல் ஆரம்பிப்பவர்கள் கடைசியில் விலை கூடிய ரெடிமேட் மீடியா (செல் வளரும் ஊட்டக் கரைசல்) ஒன்றை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஆய்வை முடிக்கிறார்கள். தெரியாத சீரத்தை விட்டுவிட்டுத் தெரியாத இன்னொரு பாட்டிலைப் பிடிப்பதில் என்ன லாபம்?

சீரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கன்றுக் கருவின் சீரம். சினைப் பசுவை அறுக்கும்போது கருவிலிருந்து எடுக்கிற ரத்தத்திலிருந்து பிரிப்பது. அந்த ஒரு காரணமே போதும் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள், அதை நான் மதிக்கிறேன். எனக்கு அதோடு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு லாட்டைப் போல அடுத்த லாட் இருக்காது. ஒரு பாட்டிலில் வளர்த்து மருந்தின் விளைவைப் பார்த்துவிட்டு, அடுத்த பாட்டிலில் அதே சோதனையைச் செய்தால் எண்கள் நகர்ந்திருக்கும். மருந்து மாறியதா, சீரம் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் நாலு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சீரம் இல்லாத மீடியாவில் மாட்டின் ரத்தப் புரதமான ஆல்புமின் இருக்கலாம். விலங்குப்பொருள் இல்லாததில் அதுவும் கூடாது, ஆனால் ஈஸ்ட் சாறோ சோயா சாறோ இருக்கலாம். புரதம் இல்லாததில் இன்சுலின்கூட இருக்காது. முழுக்கலவையும் தெரிந்த மீடியாவில் ஒவ்வொரு பொருளின் பெயரும் அளவும் தெரியும், சாறு எதுவும் இருக்காது. ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்த நாலாவது. தடுப்பூசிக்கோ மருந்துப் புரதத்துக்கோ போகிறவர்களுக்கு இரண்டாவதும் தேவைப்படலாம்.

சரி, சீரம் பார்க்கும் வேலைகள்.

பெரிய வீட்டில் சமையல், கணக்கு, காவல் எல்லாவற்றையும் ஒரே ஆளே பார்த்துவந்து, அவர் திடீரென்று நின்றுவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஆள் தேட வேண்டும். சீரத்தை எடுத்தாலும் அதே நிலைதான். அது வளர்ச்சிக் காரணிகளைத் தருகிறது. இரும்பைப் பத்திரமாகச் சுமந்து கொடுக்கிறது. கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்ட்ராலையும் ஆல்புமின் தூக்கி வருகிறது. ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் செல்லை ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டவைக்கின்றன. ஒட்டிய செல்லைப் பிரிக்க நாம் போடும் ட்ரிப்சின் நொதியை அடக்குகிற புரதங்கள் இருக்கின்றன. செலினியம் போன்ற நுண்தனிமங்கள் இருக்கின்றன. கலக்கிச் சுழற்றும்போது செல் கிழியாமல் காக்கிறது. பிஎச்சைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. இவற்றோடு யாரும் கணக்கில் எடுக்காத வேலை ஒன்று: தண்ணீரிலோ கண்ணாடியிலோ உள்ள நச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம்முடைய கவனக்குறைவை எல்லாம் சீரம் மூடி மறைக்கிறது. அதை எடுத்த அன்றைக்குத்தான் ஆய்வகத்தின் உண்மையான சுத்தம் தெரியும்.

இந்தத் துறையில் ஹாம், சாட்டோ என்று இரண்டு பேர் நடந்த இரண்டு பாதைகளைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஹாரி ஈகிள் 1950-களில் செல்லுக்கு எந்தெந்த அமினோ அமிலம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடித்தளம் போட்டார். 1959-இல் வந்த அவருடைய குறைந்தபட்ச மீடியாவில் 13 அமினோ அமிலங்கள். ஆனால் அதற்குச் சீரமும் வேண்டியிருந்தது. அதன்பின் ரிச்சர்ட் ஹாம், சீரத்தைக் குறைத்துக்கொண்டே போய், எங்கே வளர்ச்சி தடைபடுகிறதோ அங்கே எந்தச் சத்து போதவில்லை என்று தேடினார். 1965-இல் அவர் வெளியிட்ட எஃப்-12 மீடியாவில் சீன வெள்ளெலிச் சூலகச் செல்கள் (சிஎச்ஓ) சீரமே இல்லாமல் தனிச்செல்லிலிருந்து பெருகின. கோர்டன் சாட்டோ வேறு பக்கத்திலிருந்து வந்தார். சத்து போதும், ஹார்மோன்தான் வேண்டும் என்றார். 1976-இல் அவரும் ஹயாஷியும் எலியின் பிட்யூட்டரி செல்களை சீரத்துக்குப் பதிலாக ஹார்மோன்களைக் கொடுத்து வளர்த்துக் காட்டினார்கள். ஈகிளின் மீடியாவை டல்பெக்கோ மாற்றியமைத்த டிஎம்இஎம் சத்து மிகுந்தது, எஃப்-12 பல வகைப் பொருள்கள் கொண்டது. இரண்டையும் சம பங்கு கலந்தால் டிஎம்இஎம்/எஃப்-12. இன்றைக்கும் பெரும்பாலான சீரமில்லா மீடியாக்களின் அடி அதுதான்.

உங்கள் செல் வளராவிட்டால் இது ஹாமின் கேள்வியா, சாட்டோவின் கேள்வியா என்று பிரித்துப் பாருங்கள். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சீரத்தை டயாலிசிஸ் குழாயில் கட்டி உப்புக்கரைசலில் குளிர்பெட்டிக்குள் ஊறப்போடுங்கள். கரைசலைச் சிலமுறை மாற்றி, கடைசியில் வடிகட்டுங்கள். சிறு மூலக்கூறுகள் வெளியே போய்விடும், புரதங்கள் உள்ளே நிற்கும். இந்தச் சீரத்தில் செல் வளர்ந்தால் அடி மீடியாவின் சத்து போதும், தேட வேண்டியது புரதமும் ஹார்மோனும். வளராவிட்டால் சத்துப் பட்டியலில் ஓட்டை. எடுத்துக்காட்டாக, சிஎச்ஓ-கே1 செல்லால் புரோலினைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. டிஎம்இஎம்-இல் புரோலின் கிடையாது, எஃப்-12-இல் உண்டு. இது தெரியாமல் வளர்ச்சிக் காரணிகளுக்குப் பணத்தைக் கொட்டினால் ஒன்றும் நடக்காது.

இப்போது தண்ணீர். இதில் நான் கண்டிப்பு.

தாமிரபரணித் தண்ணீருக்கு இணை கிடையாது என்றுதான் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும், மழைக்காலத்தில் கலங்கலும் வரும். வெயில் காலத்தில் போர் தண்ணீரை ஏற்றினால் உப்பும் சுண்ணாம்பும் கூடிவிடும். ஆர்ஓ வைத்து, அதற்குமேல் அயனி நீக்கி, மின்தடை 18.2 மெகாஓம் காட்டும் தண்ணீரை அன்றன்றைக்குப் பிடியுங்கள். பிடித்து வைத்த தண்ணீரில் பாக்டீரியா வளரும், செத்தபின்பும் எண்டோடாக்சின் என்ற அதன் நச்சு தங்கிவிடும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தால் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் போகாது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால்தான் அது அழியும். தண்ணீர் இயந்திரமே இல்லாத கல்லூரி என்றால் செல் வளர்ப்புக்கென்று விற்கும் தண்ணீர் பாட்டிலை வாங்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி மிஞ்சினாலும் சீரம் இல்லாத செல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மீடியா பாட்டில்களைத் தனியாக வைத்து, சோப்பில்லாமல் கழுவச் சொல்கிறேன்.

அடி மீடியா கரைப்பது எளிது. ஒரு லிட்டருக்கான டிஎம்இஎம்/எஃப்-12 பொடியை 900 மில்லி தண்ணீரில், சூடு காட்டாமல், காந்தக் கலக்கியில் கரையுங்கள். சோடியம் பைகார்பனேட் அளவைப் பொடியின் லேபிளில் பாருங்கள். ஹெப்பீஸ் (பிஎச்சைத் தாங்கும் பொருள்) சேர்த்த பொடிக்கும் சேர்க்காததற்கும் அளவு வேறு. இங்கே ஒரு விஷயம்: டிஎம்இஎம்-இல் லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட். அது இன்குபேட்டரில் 10 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏற்றது. நாம் எல்லாரும் 5 சதவீதத்தில் வைக்கிறோம், அதனால் தனி டிஎம்இஎம் காரப் பக்கம் சாய்ந்து நிற்கும். சீரம் இருந்தால் செல் பொறுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பொறுக்காது. பிஎச்சை 7.1 பக்கம் வைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் இழுங்கள், வடிகட்டும்போது கொஞ்சம் ஏறும். இன்குபேட்டருக்குள் 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஆஸ்மோலாலிட்டியை, அதாவது மீடியாவில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தியை, கட்டாயம் அளங்கள். கிலோவுக்கு 260 முதல் 320 மில்லி ஆஸ்மோல் வரை பெரும்பாலான செல்கள் தாங்கும், 290 பக்கம் நல்லது. கூட்டிக்கூட்டிச் சேர்க்கும் ஒவ்வொரு ஸ்டாக்கும் (அடர்கரைசலும்) அதை ஏற்றும். லிட்டருக்கு ஒரு கிராம் சாதா உப்பு சேர்த்தால் ஏறக்குறைய 32 கூடும், அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். ஆஸ்மோமீட்டர் இல்லாவிட்டால் பக்கத்து மருத்துவக் கல்லூரியிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரித்து அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் எல்லாச் சீரமில்லா மீடியாவுக்கும் முதுகெலும்பான மூன்று: இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம். ஒரு லிட்டருக்கு நான் சிறுநீரகச் செல்களுக்குத் தொடங்கும் கலவை இது:

இன்சுலின் – 10 மில்லிகிராம்
டிரான்ஸ்ஃபெரின் – 5.5 மில்லிகிராம்
சோடியம் செலினைட் – 5 மைக்ரோகிராம்
எத்தனாலமைன் – 1.2 மில்லிகிராம்
ஹைட்ரோகார்டிசோன் – 18 மைக்ரோகிராம்
இஜிஎஃப் (வளர்ச்சிக் காரணி) – 10 மைக்ரோகிராம்

இன்சுலின் நடுநிலைத் தண்ணீரில் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, தெளிந்தபின் மீடியாவில் விடுங்கள். உடம்பில் இருப்பதைவிட இந்த அளவு பல மடங்கு அதிகம். இவ்வளவு கொடுத்தால்தான் அது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தட்டி எழுப்பும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 40 யூனிட் இன்சுலின் குப்பியைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதில் கெட்டுப்போகாமலிருக்க மெட்டா-கிரெசாலோ ஃபீனாலோ போட்டிருப்பார்கள், ஊசிக்கு அது சரி, ஃபிளாஸ்க்குக்குச் சரியில்லை.

டிரான்ஸ்ஃபெரின் இரும்பைத் தாங்கி வரும். விலங்கு ரத்தம் வேண்டாம் என்றால் மரபணு மாற்றிச் செய்ததை வாங்கலாம், அல்லது ஃபெரிக் சிட்ரேட்டைச் சிஎச்ஓ போன்ற செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மனித ஆல்புமினையே நெல்மணிக்குள் விளைவித்து எடுக்கும் முறை 2011-இல் வெளியானது. அம்பாசமுத்திரத்து நெல் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

செலினியத்தில் விளையாடக் கூடாது. குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிக்கு அது வேண்டும், கொஞ்சம் கூடினால் விஷம். சில மைக்ரோகிராமை நம் ஆய்வகத் தராசில் நிறுக்க முடியாது. 10 மில்லிகிராமை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். அதில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு லிட்டரில் விட்டால் 5 மைக்ரோகிராம். தராசும் பைப்பெட்டும் அளவு சரிபார்த்தவையாக இருக்கட்டும்.

இஜிஎஃப் போன்ற காரணிகள் நானோகிராம் அளவில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். ஸ்டாக் செய்யும்போது 0.1 சதவீதம் ஆல்புமின் சேர்த்து, சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஃபில்டர் செய்தபின் கடைசியாகச் சேர்ப்பது நல்லது.

குளூட்டமின் இன்னொரு தொல்லை. 37 டிகிரியில் தானாகவே உடைந்து அம்மோனியா விடும், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். அலனில்-குளூட்டமின் என்ற இரட்டை வடிவத்தைப் போட்டால் அது நிலையாக இருக்கும், செல் தேவைக்கேற்ப உடைத்துக்கொள்ளும். செய்த மீடியாவை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ரைபோஃபிளேவினும் ஹெப்பீஸும் இருக்கும் மீடியாவில் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உருவாகும். அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள், நம் ஊர் ஜன்னல் வெளிச்சத்துக்கு இது கட்டாயம். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசினைப் பழைய அளவில் போடாதீர்கள், சீரப் புரதம் இல்லாதபோது அதே அளவு செல்லை அடிக்கும். பத்தில் ஒரு பங்கு போதும், இல்லாமலே வளர்க்கப் பழகினால் இன்னும் நல்லது.

எந்தச் செல்லில் ஆரம்பிப்பது? புதியவர்களுக்கு வீரோ செல்லைத்தான் கொடுப்பேன். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, ரேபிஸ் தடுப்பூசி உட்படப் பல தடுப்பூசிகளுக்கு ஆதாரம். சீரம் இல்லாத வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும். புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்தின் (என்சிசிஎஸ்) செல் வங்கியில் வாங்கலாம். நாய்ச் சிறுநீரகத்து எம்டிசிகே செல்லுக்கு 1979-லேயே இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், ஹைட்ரோகார்டிசோன், டி3 (தைராய்டு ஹார்மோன்), புரோஸ்டாகிளாண்டின் ஈ1 என்று ஐந்தே பொருளில் செய்முறை வெளிவந்தது, அதுவும் நல்ல பயிற்சி. எலித்தசைச் செல்லான சி2சி12 முதல் வேலைக்கு ஏற்றதல்ல. சீரம் குறைந்தால் அது பெருகுவதை நிறுத்தி ஒன்றோடொன்று இணைந்து தசை இழையாக மாற ஆரம்பிக்கும். எஃப்ஜிஎஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து அதைப் பெருகும் நிலையிலேயே பிடித்துவைக்க வேண்டும். சுண்டெலியின் மைலோமாப் புற்றுச் செல்லான என்எஸ்0-க்குக் கொலஸ்ட்ரால் வெளியிலிருந்து வேண்டும். ஒரு செல்லுக்குச் செய்த மீடியா இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சோதனையை எப்படி நடத்துவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். முதலில் சீரத்தோடு வளர்ச்சிக்கோடு போடுங்கள்: 24 குழித்தட்டில் விதைத்து, தினமும் மூன்று குழிகளை எடுத்து செத்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரைபன் நீலம் போட்டு, ஹீமோசைட்டோமீட்டர் என்ற எண்ணும் தட்டில் எண்ணுங்கள். நிறத்தை வைத்துச் செல்லை மதிப்பிடும் எம்டிடி சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அது செல்லின் வளர்சிதை வேகத்தைக் காட்டுகிறது; மீடியா மாறினால் அந்த வேகமும் மாறும், எண்ணிக்கை மாறாமலேயே நிறம் கூடலாம். அடுத்து சீரத்தை 10, 5, 2, 1, 0.5 சதவீதம் என்று இறக்குங்கள். வளர்ச்சி பாதியாகக் குறையும் இடம் எதுவோ, உங்கள் பொருள்களைச் சோதிக்க வேண்டிய இடம் அது. முழுச் சீரத்தில் எதைச் சேர்த்தாலும் பலன் தெரியாது, சுத்தமாக இல்லாதபோது எல்லாம் செத்துப்போய் ஒன்றும் தெரியாது.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். இன்சுலின் தனியாகப் பலன் தராமல், ஹைட்ரோகார்டிசோனோடு சேர்ந்து தரக்கூடும். தனித்தனியாகப் பார்த்தால் அந்த உறவு கண்ணில் படாது. 1946-இல் வெளியான பிளாக்கெட்-பர்மன் திட்டத்தில் 11 பொருள்களை 12 கலவைகளில் சோதிக்கலாம், எதற்குப் பலன் இருக்கிறது என்று சல்லடை போட அது போதும். ஆனால் அதில் ஒரு பொருளின் பலனும் இரண்டு பொருள்களின் கூட்டுப் பலனும் ஒன்றோடொன்று கலந்து தெரியும், அதனால் தேறிய மூன்று நான்கு பொருள்களை மட்டும் எடுத்து, அளவை மாற்றி மாற்றி பாக்ஸ்-பெங்கன் போன்ற இரண்டாம் கட்டத் திட்டத்தில் போடுங்கள். கணக்குத் துறை நண்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் நல்லது. எங்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் சார்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் பாஸேஜில் (செல்லைப் பிரித்துப் புதிய பாத்திரத்துக்கு மாற்றும் ஒரு சுற்றில்) செல் நன்றாக வளர்ந்தால் கொண்டாடாதீர்கள். பழைய சீரத்தின் காரணிகளும் கொழுப்பும் செல்லுக்குள்ளும் மேலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். குறைந்தது மூன்று பாஸேஜ் தாண்டி அதே வேகத்தில் பெருகினால்தான் மீடியா தேறியது. நான் பார்த்த ஆய்வறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

செல்லைப் பழக்குவதில் பொறுமை வேண்டும். நல்ல வளர்ச்சி வேகத்தில் இருக்கும், 90 சதவீதத்துக்கு மேல் உயிருள்ள செல்களை எடுங்கள். பழைய மீடியா முக்கால், புதியது கால் என்று ஆரம்பித்து, பாதிப்பாதி, பிறகு கால்-முக்கால், கடைசியில் முழுவதும் புதியது. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பாஸேஜ் நிறுத்துங்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அடர்த்தியாக விதையுங்கள், செல்கள் தாங்களே சுரக்கும் பொருள்களால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து ஒரு படி பின்னால் போங்கள். ஒவ்வொரு படியிலும் சில குப்பிகளை உறைய வைத்துக்கொண்டே வாருங்கள்.

கால்-முக்கால் படியில் நின்றபோது ஒரு மாணவி அறைக்கு ஓடி வந்து, "மேடம், எல்லாம் மெதக்குது, செத்துப்போச்சு" என்றாள். பாட்டிலைத் தட்டி, சாயம் போட்டு எண்ணினால் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. ஒட்டுவதற்குத்தான் அடியில் ஒன்றுமில்லை. ஒட்டும் செல்லுக்குச் சீரத்தோடு ஃபைப்ரோனெக்டினும் போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டினோ, அதைவிடக் குறைந்த அளவில் விட்ரோனெக்டினோ பூசிய ஃபிளாஸ்க்கில் மாற்றியதும் அந்தச் செல்கள் மறுநாள் படிந்து கிடந்தன. பாலி-டி-லைசின் விலை குறைவு, பல செல்களுக்கு அதுவே போதும்.

ட்ரிப்சினும் அப்படித்தான். சீரம் சேர்த்தவுடன் நின்றுவிடும் ட்ரிப்சின், இப்போது நிற்காது, செல்லின் மேற்பரப்பைத் தின்றுகொண்டே இருக்கும். அளவை 0.05 சதவீதத்துக்குக் குறையுங்கள். செல் விட்டுப் பிரிந்தவுடன், ட்ரிப்சினின் எடைக்குக் குறையாத சோயா ட்ரிப்சின் தடுப்பானைச் சேர்த்து, 200 ஜி-க்கு மேல் போகாமல் ஐந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, பழைய திரவத்தை எடுத்துவிடுங்கள். பைப்பெட்டால் வேகமாக அடிக்க வேண்டாம். கலக்கிச் சுழற்றும் வளர்ப்பு என்றால் 0.1 சதவீதம் புளூரானிக் எஃப்-68 சேர்த்தால் செல் கிழியாது.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை வெப்பம் 37-க்கு ஐந்து டிகிரியாவது கீழே இருந்தால்தான் அது கட்டுக்குள் நிற்கும். கத்திரி வெயிலில் ஏசி நின்றுவிட்டால் உள்ளே 38, 39 என்று ஏறும், சீரம் இல்லாத செல்லுக்கு அதைத் தாங்கும் தெம்பு கிடையாது. உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஈபிக்காரர்கள் மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் தேதி பேப்பரில் வரும். அந்த நாளில் செல்லை மாற்றும் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை வரும், இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

வளர்ச்சிக் காரணிகள் உலர்பனியில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும். வாரத் தொடக்கத்தில் கிளம்பும்படி ஆர்டர் போடுங்கள், சனி, ஞாயிறு கூரியர் கிடங்கில் கிடந்தால் பனி கரைந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நடக்கும் வாரத்தில் திருநெல்வேலி டவுன் பக்கம் வண்டி நகராது, அப்போது ஆர்டர் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குப் பேட்டையிலிருந்து வரும் அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, ஒண்ணு ஓடும்போதே அடுத்ததக் கொண்டாந்து போட்டுருங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். இரவில் சிலிண்டர் தீர்ந்தால் காலையில் மீடியா ஊதா நிறத்தில் இருக்கும், பைகார்பனேட்டை நம்பி வளரும் செல்லுக்கு அது பெரிய அடி. பிஎச்சை நிறத்தால் காட்டும் ஃபீனால் ரெட் அந்த வகையில் உதவும். ஆனால் மார்பகப் புற்றுச் செல் எம்சிஎஃப்-7 போல ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கும் செல் என்றால் அதை விட்டுவிடுங்கள், அதனோடு ஈஸ்ட்ரோஜன் போன்ற விளைவும் ஒட்டிக்கொண்டு வரும்.

மீடியா தேறியது என்று சொல்வதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். மைகோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனை முதலில். அது கலங்கலே காட்டாமல் ஆர்ஜினினைத் தின்றுவிடும், நீங்கள் மீடியாவைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். அடுத்து, செல் எதற்காக வளர்க்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறதா: வைரஸ் பெருகுகிறதா, புரதம் சுரக்கிறதா. வேகமாகப் பெருகும் செல் தன் வேலையை மறந்திருக்கக்கூடும். மூன்றாவது, செல்லின் அடையாளம். பழக்கும்போது நாம் ஒரு பகுதிச் செல்களைத்தான் தேர்ந்தெடுத்து வருகிறோம், அதனால் எஸ்டிஆர் போன்ற டிஎன்ஏ அடையாளச் சோதனையில் இது நாம் ஆரம்பித்த செல்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

கடைசி வேலை உறைய வைப்பது. செல் வளர்ந்துகொண்டிருந்த மீடியா பாதி, புதிய மீடியா பாதி, அதில், உறையும்போது செல்லைக் காக்க, 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ. நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கி, திரவ நைட்ரஜனில் வையுங்கள். குப்பியின் மேல் மீடியா செய்த தேதியும், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், இஜிஎஃப் ஆகியவற்றின் லாட் எண்ணும் இருக்க வேண்டும். மறு வாரம் அதிலிருந்து ஒரு குப்பியை உருக்கி, மெதுவாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்து டிஎம்எஸ்ஓவை நீக்கி, அடர்த்தியாக விதைத்து, மூன்று பாஸேஜ் வரை எண்ணுங்கள். பெருகும் வேகம் பழையபடி வந்தால் அந்தக் குப்பிகளை வங்கியாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் பாதிப்பாதிப் படியில் உறைய வைத்த குப்பியை எடுத்து, அங்கிருந்து மறுபடி பழக்குங்கள்.